80 ஜிபியும் ஒரு கொப்பித் தாளும்

2006இல் ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்க உட்கார்ந்தால் முதலில் வேண்டியது கொப்பித் தாளும் பென்சிலும்தான். பெட்டியில் 80 ஜிபி என்று போட்டிருக்கும். விண்டோஸ் 74 என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. அந்த 74ஐத்தான் பங்கு போட வேண்டும்.

ஓப்பநாயக்கவில் ரப்பர் மலைக்குக் கீழே இருந்த எங்கள் லயத்துக் காம்பராவுக்கு அந்தக் கணினி இரத்தினபுரியிலிருந்து பஸ்ஸில், அண்ணனின் மடியில் வந்தது. (1919இல் ஓப்பநாயக்க வரை நீண்ட சின்ன ரயில்பாதை நான் பிறக்குமுன்பே மூடப்பட்டுவிட்டது.) அண்ணனுக்கு விண்டோஸ் எக்ஸ்பி வேண்டும், வகுப்பில் சொல்லித் தந்தது அதில்தான். எனக்கு லினக்ஸ் வகையான உபுண்டு. கேட்டவர்களுக்கெல்லாம் அந்த சிடியை அப்போது இலவசமாகவே தபாலில் அனுப்பினார்கள். லயத்தில் எங்களுக்கென்று தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பேரும் டிவிஷன் பேரும் எழுதினால் ஆபீஸுக்கு வரும், அங்கிருந்து கைமாறிக் கைமாறி எங்களிடம் வரும். அப்படியே வந்து சேர்ந்தது. களவுப் பிரதி இல்லாமல், காசும் இல்லாமல், உரிமையோடு கையில் கிடைத்த ஒரு பொருள். அந்த மரியாதையை இன்றும் பெரிதாகத்தான் நினைக்கிறேன்.

பழைய எம்பிஆர் முறையில் 4 பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இடமில்லை. கூடுதலாக வேண்டுமென்றால் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி அதற்குள் வகுக்க வேண்டும். எக்ஸ்பிக்கு 20, உபுண்டுவுக்கு 13, ஸ்வாப்புக்கு 1. ரேம் 512 எம்பி, ஸ்வாப் அதன் இரட்டிப்பு என்பது அன்றைய கணக்கு. மீதி 40 ஜிபி வீட்டாருக்குப் பொது. அதை எந்த வடிவில் ஃபோர்மட் செய்வது என்பதில்தான் இரவு முழுக்கப் போனது. என்டிஎஃப்எஸ் பிரிவில் லினக்ஸ் நம்பி எழுதக்கூடிய காலம் 2007இல்தான் வந்தது. ஃபேட்32 இரண்டுக்கும் பொது, ஆனால் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைலை ஏற்காது. 32 ஜிபிக்கு மேல் அப்படியொரு பிரிவை எக்ஸ்பி போட்டும் தராது. உபுண்டு சிடியில் இருந்த ஜிபார்ட்டட் போட்டுத் தந்தது.

எக்ஸ்பி முதலில், உபுண்டு பிறகு. மாற்றிச் செய்தால் விண்டோஸ் பூட் பகுதியைத் தன் பேருக்கு எழுதிக்கொள்ளும். எல்லாம் காலையிலேயே முடிய வேண்டும். சப்ரகமுவையில் பின்நேரம் இடி இறங்கினால் கரன்ட் போகும். பாதியில் நின்ற பார்ட்டிஷன் வேலை உள்ளே இருப்பதையும் கொண்டுபோகும்.

அந்த 40 ஜிபியில் அம்மாவின் ஈபிஎஃப் கடிதங்கள், தங்கச்சியின் பாடக்குறிப்புகள், பாமினி எழுத்தில் தட்டிய மனுக்கள், திருவிழாப் படங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அப்பாவுக்கென்று ஒரு மூலை இருந்ததில்லை. டிஸ்க்கில் அவர் பேரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. எக்ஸ்பியை அழித்துப் போட்டோம், உபுண்டுவை மாற்றினோம். அந்தப் பிரிவு மட்டும் அசையவில்லை.

இப்போது தங்கச்சி மகனின் லேப்டொப்பில் 512 ஜிபி. ஜிபிடி முறையில் 128 பார்ட்டிஷன் போடலாம். ஒவ்வொரு இயங்குதளத்தின் பூட் ஃபைலும் ஒரே சின்னப் பிரிவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொள்ளும். இத்தனை இடம் வந்தபின் எதற்குப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 இல்லாத பழைய இயந்திரங்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. நல்ல நிலையில் உள்ள எத்தனையோ கணினிகளுக்கு மறுபடியும் லினக்ஸ்தான் வழி. இயங்குதளம் மாறலாம், பிள்ளை எழுதியது மாறாமல் இருக்க வேண்டும்.

"எல்லாம் கிளவுட்ல இருக்குதானே மாமா?"

"கரன்ட் போனா கொஞ்ச நேரத்துல டவரும் போயிருதே, அப்ப என்னா செய்வ?"

அவன் ஒரு தாள் கொண்டுவந்தான். விண்டோஸுக்கு 150, லினக்ஸுக்கு 60, மீதியெல்லாம் அவன் பேருக்கு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்தச் சொன்னேன். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாது, லினக்ஸால் அந்தப் பிரிவில் எழுத முடியாது. பிறகு பிட்லொக்கர் மீட்புச் சாவியின் 48 இலக்கங்களையும் அதே தாளின் பின்பக்கத்தில் எழுத வைத்தேன். அவன் வாசிக்க வாசிக்க, தங்கச்சி ஒவ்வொன்றாகச் சரி பார்த்தாள்.