பெட்டிமேல் இல்லாத படம்

லண்டன் மாமா அனுப்பிய லெகோப் பெட்டியில் பொலிஸ் ஸ்டேஷன் படம். உப்புக்குளத்து மருமகன் அதைச் சட்டை செய்யவில்லை. மஞ்சளும் கறுப்புமாய், மேலே போகப்போகக் கோணி, நடுவில் ஓட்டையோடு ஒன்றை எழுப்பினான்.

"என்னடா இது?"

"சும்மா."

உம்மம்மாவுக்கு அது பள்ளிமுனைப் பெருக்கமரம். வாப்பாவுக்குத் தெருக்கழுதை. அடுத்த வீட்டு எஞ்சினியர் அத்திவாரம் பிழை என்றார்.

நியூயோர்க்கில் நேதன் சவாயா வக்கீல் தொழிலை உதறி, இதே கட்டைகளில் சிலை செய்து 2007 முதல் கண்காட்சி வைக்கிறார்; சனம் டிக்கெட் எடுத்துப் பார்க்கிறது. எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஆறு போதும், 91 கோடிக்கு மேற்பட்ட விதமாய்ப் பொருத்தலாம். நம்மாட்களுக்கு ஒரே விதம்தான்: பெட்டிமேல் உள்ளது.

மாமாவே வட்ஸ்அப்பில் கேட்டார்: "ஸ்டேஷன் எங்க மருமகன்?"

"உள்ளுக்குத்தான் மாமா. ஓட்டையால பாருங்க."