கடல் எங்கே?

கரிசல் காட்டுப் பள்ளியொன்றில் ஐந்தாம் வகுப்புக்குக் கட்டுரைத் தலைப்பு: ‘கடற்கரையில் ஒரு மாலை’. கடலையே பாராத பிள்ளைகள் நோட்ஸைப் பார்த்து அலைகளை மனப்பாடம் செய்தார்கள். ஒருத்தி மட்டும் தாத்தாவோடு ஆட்டுக்கிடைக் காவலுக்குப் போன ராத்திரியை எழுதிவிட்டாள். வெள்ளன எழுந்து பார்த்தால் ஆடு ரெண்டு குட்டி போட்டிருந்ததாம். வாத்தியார் ‘வெள்ளன’வைச் சுழித்து ‘அதிகாலையில்’ என்று திருத்தினார். பத்துக்கு மூன்று. ஓரத்தில் சிவப்பு மையில், ‘கடல் எங்கே?’

இதே கரிசல் பேச்சை எழுதிய கி. ராஜநாராயணனுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது. பரிசு பெற்ற ‘கோபல்லபுரத்து மக்கள்’ பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. ஐந்து வருஷம் பொறுத்தால், ‘வட்டார வழக்கு பற்றி எழுதுக’ என்று அவளிடமே கேட்பார்கள். கவலையில்லை, அதற்கும் நோட்ஸ் உண்டு.