அரிதாரமும் முகமூடியும்

எங்கள் ஆலங்காயம் அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989இல் மாவட்டம் பிரிந்தபோது வேலூரோடு போனோம். 2019 முதல் திருப்பத்தூர். பெயர்ப்பலகைகள்தான் மாறின. பங்குனி, சித்திரையில் சுற்றுப்பட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். பக்கத்து மலையிலிருந்தும் சனங்கள் இறங்கி வந்து கோணியை விரித்து இடம் பிடித்துவிடுவார்கள்.

"கூத்துப் பார்க்கிற பையன் உருப்பட மாட்டான்" என்பார் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர். மறுநாள் வகுப்பில் தூங்கி விழுந்தால் பிரம்படி.

நான் கூத்துக்கு முன்பே போய் வேஷம் கட்டுகிற இடத்தில் நின்றுகொள்வேன். துரியோதனன் வேஷக்காரர் பாயில் சம்மணமிட்டு, கையகலக் கண்ணாடியைப் பார்த்து முகம் முழுக்கச் சிவப்பைப் பூசுவார். கருப்பில் புருவத்தை நெற்றிவரை இழுத்து, முத்துவெள்ளையால் புள்ளி வைப்பார். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தெரிந்த அந்த விவசாயியின் முகம் மறைந்துவிடும். அதற்குப் பிறகு கட்டை. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாவற்றையும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். கட்டிய பிறகு கழுத்தை மட்டும் திருப்ப முடியாது. பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் இடுப்போடு உடம்பே திரும்ப வேண்டும். கோபம் வந்தால் சலங்கைக் காலில் வரும், தோளில் வரும், கிறுகிறுவென்று சுற்றுகிற சுற்றில் வரும். கடைசி வரிசைக் கிழவிக்கு வசனம் கேட்காவிட்டாலும் சபையில் என்ன நடக்கிறது என்று தெரியும்.

வளர்ந்தபின் புதுச்சேரியில் ஒரு நடிப்புப் பட்டறையில் சேர்ந்தேன். அங்கே எந்த உணர்ச்சியும் எழுதாத ஒரு முகமூடியைக் கொடுத்தார்கள். பாரிஸில் 1956இல் நாடகப் பள்ளி தொடங்கிய ழாக் லெகோக்குக்காக இத்தாலியச் சிற்பி அம்லேத்தோ சர்த்தோரி தோலில் செய்த முகமூடியின் வழிவந்தது அது. போட்டபின் பேசக் கூடாது, கையால் முகமூடியைத் தொடக் கூடாது. தூக்கத்திலிருந்து எழு, நட, கடலைப் பார். அவ்வளவுதான் பாடம். முகம் போனதும் என் தோள் கூனியிருப்பதும் மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடுவதும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நம்முடைய சொந்தப் பழக்கத்தை இப்படி உரித்துக் காட்டுகிற வேலையைக் கூத்து செய்வதில்லை. அதற்கு அந்த முகமூடிதான் வேண்டும். ஆனால், முகத்தை மறைத்துவிட்டு உடம்பு முழுவதாலும் பேசு என்ற அடுத்த பாடத்தை நான் சிறு வயதிலேயே விடிய விடியப் பார்த்தவன்.

முகமூடியும் நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பக்கம் மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிம்மர் முகமூடிக்குப் பூசை உண்டு. அதை அணிபவர் விரதமிருந்துதான் அணிகிறார்.

கூத்துக்கும் நவீன நடிப்புப் பயிற்சிக்கும் உள்ள உறவைப் புரிந்துகொண்டவர்கள் முன்பே இருந்தார்கள். புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தில் மனம் பறிகொடுத்த நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கி நவீன நடிகர்களுக்குக் கூத்தைப் பாடமாக்கினார். பாரிஸில் அரியான் மினூஷ்கினின் 'தேயாத்ர் துய் சொலெய்' குழு, 2016இல் மேடையேற்றிய 'இந்தியாவில் ஓர் அறை' நாடகத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம் தெருக்கூத்துக் கற்றது. பிரெஞ்சு நடிகர்கள் நம் வாத்தியார் முன் கைகட்டி நின்று அடவு பழகியிருக்கிறார்கள். உருப்பட மாட்டான் என்றார்களே, அந்தக் கூத்துதான் இது!

படிப்பும் கூத்தும் ஒன்றாக நடக்காது என்பதும் பொய். காஞ்சிபுரம் அருகே பி. ராஜகோபாலும் ஹன்னெ டி புருயினும் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் பாடமும் படித்தார்கள், கட்டையும் கட்டினார்கள். பெண் பிள்ளைகளும்தான். அது மூடப்பட்டது பெரிய நஷ்டம்.

இன்று நகரத்தில் உடல்மொழிப் பயிற்சிக்குக் கட்டணம் கட்டிச் சேர இளைஞர்கள் இருக்கிறார்கள். கூத்து வாத்தியாரோ ஒரு ராத்திரிக் கூத்துக்குப் பேசிய தொகையைக் குழுவோடு பங்கிட்டுக்கொண்டு, மழைக்காலத்தில் ஏர் பிடிக்கப் போகிறார். நடிப்புப் பயிற்சி நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அவரை விழாவின் கடைசி நாளில் பொன்னாடை போர்த்தக் கூப்பிடாதீர்கள். ஆசிரியராகக் கூப்பிடுங்கள், ஆசிரியருக்குரிய சம்பளத்தைக் கொடுங்கள்.