மழைக்காலத் தடை உத்தரவு அவர்களின் சமூகத்துக்கு

அனுப்புநர்: ஈரச் சாக்ஸோடு படம் பார்த்தவர்கள், கல்யாண்.
பெறுநர்: மாண்புமிகு மழைக்காலத் தடை உத்தரவு அவர்கள், மலையுள்ள மாவட்டங்களின் ஆட்சியர் அலுவலகங்கள், மகாராஷ்டிரம்.
பொருள்: மலைக்குப் பதிலாக மர்மப் படத்துக்குப் போனது தொடர்பாக.

ஐயா,

கல்யாண் ஜங்ஷனில் ரயில் பாதை இரண்டாகப் பிரிவது தாங்கள் அறிந்ததே. கர்ஜத் பக்கம் போனால் நேரல், மாத்தேரான், பிவ்புரி அருவி. கசாரா பக்கம் போனால் ஆசன்காவ். அங்கிருந்து தாணே மாவட்டத்திலேயே உயரமான மாஹுலி. ஜூன் பிறந்துவிட்டால் கல்யாண் தமிழர்கள் உட்பட ஊரே ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை லோக்கலுக்கு முதுகுப்பையோடு வந்து நிற்பதையும் தாங்கள் அறிவீர்கள். அறியாமலா? அவர்களுக்காகத்தானே ஆண்டுக்கொரு முறை அவதாரம் எடுக்கிறீர்கள்!

முன்பெல்லாம் தங்கள் திருநாமம் பிரிவு 144. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் 163. பெயர் மாறிய கையோடு, அந்த முதல் வாரத்திலேயே புனே மாவட்டத்தில் எழுந்தருளி, லோனாவாலா வட்டாரத்துக்கு மாதக் கடைசி வரை கட்டுப்பாடு விதித்தீர்கள். காரணம் இல்லாமல் இல்லை. ஜூன் 30 ஞாயிறன்று பூஷி அணைக்கட்டுக்குப் பின்னால் ஓடைக்கு நடுவே நின்ற ஒரே குடும்பத்தில் ஐந்து பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதைப் பார்த்த யாரும் மழைக்காலத்து மலையை விளையாட்டு என்று சொல்ல மாட்டார்கள். ஒரே நாளில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் என்று வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விட்டால், வீட்டில் இருப்பவன் புத்திசாலி.

ஆனால் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் வீட்டுக்குத் திரும்புவதில்லை. மலை இல்லையென்றால் தியேட்டர். அதிலும் மர்மப் படம்தான் வேண்டும். வழுக்கி விழும் பயத்துக்குப் பதிலாக வேறொரு பயம். மகாராஷ்டிரத்தில் 2003 முதல் படத்துக்கு முன்னால் தேசிய கீதம் உண்டு. சேறு அப்பிய ஷூவைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, முழங்கால் வரை சுருட்டிய பேன்டோடும் சொட்டும் சாக்ஸோடும் ஒரு வரிசையே விறைப்பாக நிற்பதைத் தாங்கள் பார்க்க வேண்டும். எந்த மலை உச்சியிலும் அவர்கள் அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. தகரக் கூரையில் மழை இறங்கினால் போதும், கொலைகாரன் தாழ்ந்த குரலில் சொல்லும் ஒரே முக்கியமான வசனம் போய்விடும். இடைவேளையில் சமோசா வரிசையில் நின்று, அவன் என்ன சொன்னான் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். டிக்கெட் துண்டை மட்டும் தொலைப்பதில்லை. தடையை மீறி மலை ஏறினாயா என்று யாராவது கேட்டால் ‘பாபநாசம்’ சுயம்புலிங்கம் போல எடுத்து நீட்ட வேண்டுமே!

பூஷி விபத்து நடந்த அதே பருவத்தில், 2024 ஜூன் 14 அன்று, ‘மகாராஜா’ வெளிவந்தது. அதில் முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் ‘லட்சுமி’ என்ற குப்பைத்தொட்டி காணாமல் போனதாகப் புகார் கொடுக்கிறார். ஸ்டேஷனில் சிரிக்கிறார்கள், விரட்டுகிறார்கள். லட்சக்கணக்கில் பணம் தருகிறேன் என்றதும் தேடக் கிளம்புகிறார்கள். படமாகப் பார்த்தால் திகில். நகராட்சியில் சாலைக் குழி பற்றி மனு கொடுத்துப் பழகியவர்களுக்கு அது ஆவணப் படம்.

குழி என்றதும் நினைவு வருகிறது. 2018 மழைக்காலத்தில் கல்யாண் வட்டாரத்தில் மட்டும் சாலைக் குழிகளால் ஐந்து பேர் இறந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அவர்கள் யாரும் அருவியில் செல்பி எடுக்கவில்லை, சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தச் சாலைகளுக்குத் தாங்கள் எழுந்தருளியதாகத் தகவல் இல்லை. மலைக்குப் போகாதே என்று தாங்கள் தடுத்தவரைத் தியேட்டருக்குப் போகும் வழியில் முழங்கால் தண்ணீரில் இறக்கிவிடுவது எந்தப் பிரிவில் வருகிறது?

தாங்கள் தாளில் இருக்கும்போது மகா பலசாலி. தரையில்தான் தடுமாற்றம். 2025 ஜூன் 15, மறுபடியும் ஞாயிறு, புனே மாவட்டம் குண்ட்மளாவில் இந்திராயணி ஆற்றின் பழைய இரும்புப் பாலம் கூட்டத்தோடு இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். அங்கே எச்சரிக்கைப் பலகை இருந்தது. வழியை மறிக்க ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 ஜூலை 19 இரவு ராய்காட் மாவட்டத்தில் இர்ஷால்காட் சரிவு இடிந்து இர்ஷால்வாடி என்ற ஆதிவாசிக் குடியிருப்பை மூடியது. 27 உடல்கள் கிடைத்தன; 57 பேர் கிடைக்கவே இல்லை. நிலச்சரிவு அபாயமுள்ள ஊர்களின் பட்டியலில் அந்த ஊர் பெயரே இல்லை என்று பிறகு அரசே சொன்னது. மேலே வண்டிப் பாதை கிடையாது, மண் அள்ளும் இயந்திரமும் ஏறாது. கொட்டும் மழையில் மீட்பு வேலைக்கு ஏறியவர்களில் உள்ளூர் மலையேற்றக் குழுக்காரர்களும் இருந்தார்கள். தாங்கள் யாரை வராதே என்கிறீர்களோ, அவர்களைத்தான் மலை சரிந்ததும் கூப்பிடுகிறார்கள்.

ஆகவே சமூகம் கருணை கூர்ந்து, மாதக் கணக்கில் பூட்டாமல் மழை அளவைப் பார்த்து அன்றன்றைக்குப் பூட்ட வேண்டும். பூஷி போன்ற இடங்களில் கயிறும் காவலும் போட வேண்டும். லோனாவாலாவின் ஷிவ்துர்க் மித்ரா போன்ற தன்னார்வ மீட்புக் குழுக்களுக்குக் கருவியும் காப்பீடும் தர வேண்டும். குழியிலோ திறந்த மேன்ஹோலிலோ விழுந்து இறந்தால் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தொகை போகும் முன் கல்யாண் சாலைகளுக்கும் ஒருமுறை வந்து போகவும். பதிலை மே மாதத்துக்குள் அனுப்பினால் நல்லது. ஜூன் முதல் ஞாயிறுக்கு இப்போதே பை கட்டத் தொடங்கிவிட்டார்கள்.