பாசிப் பகை

மீன் தொட்டிக்காரர்களில் ஒரு ரகம் உண்டு. அவர்கள் வீட்டுக்குப் போய், "என்ன மீன் சார் வளர்க்கறீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முகம் சுண்டிப்போகும். மீனெல்லாம் அங்கே சும்மா. செடிகளுக்கு நடுவே ஏதோ அசைந்தால் நன்றாயிருக்குமே என்று விட்டது. "இது பிளான்டட் டேங்க் சார்" என்பார்கள்.

எங்கள் மாடிவீட்டுக்காரர் அந்த ரகம். ஞாயிறு காலை ஊரே கறிக்கடை வரிசையில் நிற்கும்போது அவர் கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து ஈரக் காகிதத்தில் சுற்றிய அனூபியாஸ் செடியோடு திரும்புவார். மொத்தம் நான்கு இலை. விலை, எங்களுக்குச் சொல்வது ஒன்று, மனைவிக்குச் சொல்வது ஒன்று. அதை மண்ணில் நட மாட்டார். கிழங்கு புதைந்தால் அழுகிவிடுமாம். மரக்கட்டையில் வைத்துத் தையல் நூலால் மூன்று முடிச்சுப் போடுவார். தாலி கட்டியபோதுகூட இவ்வளவு நிதானம் இல்லை என்பது மனைவியின் வாக்குமூலம்.

குலதெய்வம், ஜப்பானியர் தகாஷி அமானோ. 2015-இல் காலமான நிழற்படக் கலைஞர். காட்டையும் மலையையும் கண்ணாடித் தொட்டிக்குள் இறக்கிக் காட்டியவர். பாசி மேயும் இறால் ஒன்றை அவர் பிரபலப்படுத்தியதால் அதற்கு அமானோ இறால் என்றே பெயர். நம்மவரும் பத்து வாங்கி விட்டார். அவருடைய அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பத்து எறா எத்தனை பேருக்குடா காணும்?" என்றார்.

அந்த வீட்டில் சமையலுக்கு ஒரு சிலிண்டர், செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு ஒரு சிலிண்டர். தொட்டிக்குள் ஒட்டிய கண்ணாடிக் குமிழில் ஒரு திரவம் இருக்கும். நீலமென்றால் வாயு போதவில்லை, மஞ்சளென்றால் மீன் மூச்சுத் திணறும், பச்சைதான் சுபம். காலையில் எழுந்ததும் சிலர் உள்ளங்கையைப் பார்ப்பார்கள், இவர் அந்தக் குமிழைப் பார்ப்பார். மே மாதத்தில் தொட்டித் தண்ணீருக்கு நேராக ஒரு மேஜை மின்விசிறி ஓடும். மாமனார் வந்திருந்தபோதும் அது திரும்பவில்லை.

இத்தனையும் பாசி வராமலிருக்கத்தான். வந்தது. இலை விளிம்பில் கறுப்புத் தாடியாக ஒன்று, கண்ணாடியில் பச்சைப் பொடியாக ஒன்று. அம்மாவுக்குத் தண்ணீரில் பச்சையாக இருப்பதெல்லாமே பாசி. நூல் சுற்றிக் கட்டிய ஜாவா மாஸும் பாசிதான். "காசு குடுத்து ஒரு பாசி வாங்கறான், சும்மா வந்த பாசியைச் சுரண்டிக் கொட்டறான்" என்று கீழ்வீட்டில் சொல்லி அங்கலாய்த்தார். யோசித்துப் பார்த்தால் தமிழ் அவர் பக்கம்தான் இருக்கிறது.

விளக்கு ஒரு நாளைக்கு எட்டு மணிநேரத்துக்கு மேல் எரிந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். இது அவருக்கும் தெரியும், அதற்கென்றே டைமர் வைத்திருக்கிறார். ஆனால் கூரியர் பையன் வந்தால்கூட டைமரை மீறி விளக்கைப் போட்டுக் காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. போன மாதம் தண்ணீரே பச்சையாகி, மீன் இருக்கிறதா என்பதே நம்பிக்கை சார்ந்த விஷயமாகிவிட்டது. பாதித் தண்ணீரை மாற்றினார், உரத்தை மாற்றினார், கும்பகோணத்தில் கல்யாணம் என்று நான்கு நாள் குடும்பத்தோடு போய்விட்டார்.

அம்மா மட்டும் வீட்டில். ஹாலில் படுப்பவர். தொட்டி விளக்கில் கண் கூசியது. டைமரோடு பிடுங்கிப் போட்டார். அதோடு சேர்ந்து வாயுவும் நின்றது. அப்புறமும் மனம் கேட்காமல் பழைய சுங்குடிச் சேலையை நான்காக மடித்துத் தொட்டிமேல் போர்த்தினார். நல்லவேளை, ஃபில்டரைத் தொடவில்லை. மிதக்கும் பாசியை ஒழிக்க விவரம் தெரிந்தவர்கள் செய்வதும் இதேதான்: மூன்று நான்கு நாள் முழு இருட்டு. செடி தாங்கும், பாசி தாங்காது.

திரும்பி வந்தவர் சேலையை விலக்கினார். தண்ணீர் பளிங்கு. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "புது உரம் பிடிச்சிடுச்சு" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் சேலையை மடித்தார்.

அன்று இரவு பதினொரு மணிவரை அடுக்ககத்தில் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு, விளக்கைப் போட்டுக் காட்டினார். சேலையை அம்மா இன்னும் பீரோவில் வைக்கவில்லை. தொட்டிக்குக் கீழேயே இருக்கிறது.