தக்காளிப் பூவைக் குலுக்குபவர் யார்?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பம்பிள் தேனீ அழிகிறதென்று 2017இல் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தார்களாமே? பதுளை லயத்தில் இருக்கும் எனக்கு அதனால் என்ன?
– ஒரு வாசகி, பதுளை

பதில்: நேற்றுக் குழம்புக்குத் தக்காளி போட்டீர்களா?

தக்காளி, கத்தரிப் பூக்களில் மகரந்தம் உப்புப் போத்தலில் உப்புப் போல. குலுக்கினால்தான் கொட்டும். பம்பிள் தேனீ பூவைக் கவ்விக்கொண்டு, இறகை விரிக்காமலே பறக்கும் தசையை அதிரவைத்துக் குலுக்கும். நமக்குத் தேன் தரும் தேனீக்கு அந்த வித்தை வராது.

இலங்கையில் பம்பிள் இல்லை. வெலிமடை மரக்கறித் தோட்டங்களில் யார் குலுக்குவது? உங்கள் கூரை மரத்தைத் துளைக்கிறதே என்று நீங்கள் விளக்குமாறால் விரட்டும் அந்தக் கருவண்டும்தான்! அது வண்டே அல்ல, தச்சுத் தேனீ. மரத்தைத் தின்பதில்லை, பிள்ளைகளுக்கு அறை கட்டுகிறது. முகத்துக்கு நேரே வந்து மிரட்டுவது ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு, ஆனால் கையில் பிடித்தால்தான் கொட்டும்.

பட்ட கிளையையெல்லாம் விறகாக்கிவிட்டால் அது எங்கே போகும்? வேலியோரம் ஒன்றை விட்டுவையுங்கள். மருந்தடிப்பதென்றால் பொழுது சாய்ந்தபின் அடிக்கச் சொல்லுங்கள்.