முதல் வாய்தா

வீட்டில் ஒரு பிள்ளை பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டால் எங்கள் சொந்தபந்தம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும். "நீட்டா, ஜேஇஇயா?" இரண்டும் இல்லை, கிளாட் எழுதுகிறாள் என்று நான் போனில் சொன்னதும் பெரிய மச்சானுக்கு ஒரே சந்தோஷம்.

"பிளாட்டா? சொல்லவே இல்லையே மாப்ள! எழுதியாச்சா? எந்தப் பக்கம், பஞ்சப்பூரா?"

பத்திரச் செலவு, வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம் பற்றிய அவருடைய அறிவுரை முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான், இது மனை இல்லை, சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு என்று எனக்குச் சொல்ல வாய்த்தது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பிறகு, "வக்கீலுக்கு எவனும் வீடு வாடகைக்கு விட மாட்டானே மாப்ள" என்றார். உறையூரில் மூன்று வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர் அவர். அனுபவசாலி.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டம் படிக்கவும் ஒரு நுழைவுத் தேர்வு உண்டு என்பதே இங்கே பலருக்குப் புதுச் செய்தி. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மார்க்கைப் பார்த்தே இடம் கொடுக்கிறார்கள். பொறியியலுக்கு இருந்த நுழைவுத் தேர்வையே 2007-இல் தூக்கிக் கடாசிய மாநிலம் இது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் மட்டும் வேறு ரகம். பெங்களூரில் பேராசிரியர் மாதவ மேனன் 1980-களின் கடைசியில் ஒன்றைத் தொடங்கி நடத்திக் காட்ட, அதைப் பார்த்து மற்ற மாநிலங்களிலும் முளைத்தன. ஆரம்பத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வு, தனி விண்ணப்பம், தனி ரயில் டிக்கெட். யாரோ பொறுக்க முடியாமல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட, அதன் பலனாக 2008-இல் பலவற்றுக்கும் சேர்த்து கிளாட் வந்தது. தேர்வு பிறந்ததே ஒரு வழக்கின் வயிற்றில். அதன் ஜாதகத்தை அன்றைக்கே பார்த்திருந்தால் பின்னால் நடந்த எதுவும் எங்களுக்கு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

திருச்சிக்கும் அப்படி ஒரு பல்கலைக்கழகம் உண்டு. திண்டுக்கல் சாலையில், நாவலூர் குட்டப்பட்டில். எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம். என் மகளுக்குச் சட்டத்தின் மேல் ஆசை வந்ததே அதனால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டத்தின் மேல் ஆசை நிஜம்தான். டவுன் பஸ்ஸின் மேல்தான் இல்லை.

பயிற்சி வகுப்பு டெல்லியிலிருந்து ஆன்லைனில் நடந்தது. கட்டணத்தை மச்சானிடம் சொல்லியிருந்தால், பேசாமல் பிளாட்டையே வாங்கியிருக்கலாமே என்று கேட்டிருப்பார். தினமும் இரவு 8 மணிக்கு வகுப்பு. எங்கள் வீட்டு வைஃபை ஹாலைத் தாண்டாது. ஹால் அப்பாயியின் ராஜ்ஜியம். அப்பாயி என்றால் மகளுக்கு அப்பாயி, எனக்கு அம்மா. சீரியல் நேரத்தில் டிவியை அணைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒரு வடக்கத்தி வாத்தியாரின் முகத்தைப் பார்க்கவேண்டிய கட்டாயம் அவளுக்கு. அவர் சட்டத்தை இங்கிலீஷில் நடத்துவார், ஜோக்கை இந்தியில் அடிப்பார். திரையின் ஓரத்தில் சிரிப்புப் பொம்மைகளாகக் கொட்டும். என் மகள் முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருப்பாள். வாத்தியார் "சம்ஜே?" என்று கேட்டால் வெற்றிலை மடித்தபடியே "சம்ஜே, சம்ஜே, மேல சொல்லு" என்பாள் அப்பாயி.

இந்தத் தேர்வுக்கு முன்கூட்டியே சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. 450 சொற்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, அதில் உள்ள விதியை வைத்தே பதில் சொல் என்பார்கள். 120 கேள்வி, 120 நிமிடம், தப்புக்குக் கால் மார்க் போய்விடும். ஆங்கிலம், நாட்டு நடப்பு, சட்டம், தர்க்கம் என்று நான்கும் போக, ஓரமாகக் கொஞ்சம் கணக்கு. கணக்குக்குப் பயந்து சட்டத்தின் பக்கம் ஓடிவந்தவர்களை வாசலிலேயே மடக்கிப் பிடிப்பதற்காக அதை வைத்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. எல்லாமே ஆங்கிலத்தில்தான். தமிழ்வழியில் படித்து, ஊர்ப் பஞ்சாயத்தில் பத்துப் பேரை வாயடைக்கும் பையனுக்கு இங்கே வழி கிடையாது. சிரிப்பு வராத விஷயம் என்பதால் இதோடு விட்டுவிடுகிறேன்.

தேர்வுக்குத் தேவையில்லை என்றாலும், ருசிக்காகப் பழைய வழக்குகளை வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். எங்கள் குடும்பம் கலகலத்தது அந்த வழக்குகளால்தான்.

முதலில் வந்தது இங்கிலாந்துக் குதிரை வழக்கு. ஒருவர், குதிரையை விலை பேசித் தன் சகோதரர் மகனுக்குக் கடிதம் எழுதினார். 'நீ பதில் போடவில்லை என்றால் குதிரை எனக்குத்தான் என்று எடுத்துக்கொள்வேன்.' பையன் பதில் போடவில்லை. மௌனம் சம்மதமாகாது, ஒப்பந்தமே உண்டாகவில்லை என்று 1862-இல் தீர்ப்பானது. மகள் இதைத் தமிழில் சொன்னதும் அப்பாயி பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள்.

"என்னையப் பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு நான் வாயே தெறக்கலியே. சம்மதம்னு அவங்களாத்தான் முடிவு கட்டிக்கிட்டாங்க. அப்ப அது?"

"ஒப்பந்தமே இல்ல அப்பாயி."

இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தச் செல்லாத ஒப்பந்தத்தின் ஒரே விளைச்சல் நான்.

அடுத்தது பால்ஃபர் வழக்கு. கணவர் நம் பக்கத்து இலங்கையில் நீர்ப்பாசன இயக்குநராக வேலை பார்த்தவர். உடம்பு முடியாமல் இங்கிலாந்திலேயே தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் கப்பலேறினார். பிறகு மனஸ்தாபம், பிரிவு, கோர்ட்டு. குடும்பத்துக்குள் கணவன் மனைவிக்குக் கொடுக்கும் இந்த மாதிரி வாக்கெல்லாம் சட்டப்படியான ஒப்பந்தம் ஆகாது என்று 1919-இல் தீர்த்துவிட்டார்கள். சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் சட்டென்று நின்றது. தலை நிறைய நரைத்த பிறகும் கைக்கு வராத ஒரு ஜோடி வளையல் எங்கள் இல்லறத்தில் நிலுவையில் இருக்கிறது. இங்கிலாந்து நீதிபதிகளை நான் மனதாரக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

"இதுக்கு அப்பீல் உண்டா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நன்றாகப் படித்தது என் மகள் அல்ல, அவளுடைய அப்பாயிதான் என்பது மூக்குத்தித் திருகு தொலைந்த அன்று தெரிந்தது. கண்டுபிடித்துக் கொடுப்பவருக்கு நூறு ரூபாய் என்று காலையிலேயே அறிவித்துவிட்டாள். மகள் அப்போது பள்ளிக்கூடத்தில். சாயங்காலம் முகம் கழுவப் போனவள், வாஷ்பேசின் ஓரத்தில் கிடந்த திருகை எடுத்துவந்து கொடுத்தாள். பரிசு விவரம் என் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. உடனே போய்க் கையை நீட்டினாள்.

"எடுத்துக் குடுத்தியே, அப்ப பரிசு இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றாள் அப்பாயி.

"தெரியாது."

"அப்ப லால்மன் கதைதான். போயிட்டு வா."

லால்மன் சுக்லா கான்பூரில் ஒரு கணக்குப்பிள்ளை. முதலாளி வீட்டிலிருந்து காணாமல்போன பையனைத் தேடி ஹரித்துவார் பக்கம் அனுப்பப்பட்டார். அவர் போன பிறகு 501 ரூபாய் பரிசு அறிவித்தார்கள். அது தெரியாமலேயே பையனைக் கண்டுபிடித்தார். பின்னால் விஷயம் தெரிந்து வழக்குப் போட்டார். அறியாத அறிவிப்பை எப்படி ஏற்றிருக்க முடியும் என்று 1913-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் லால்குடி கோர்ட்டுக்கு நடந்தவள் அப்பாயி. ஒரு வரப்புத் தகராறு. வாதியும் போய்ச் சேர்ந்தார், பிரதிவாதியும் போய்ச் சேர்ந்தார், வரப்பு மட்டும் அங்கேயே கிடக்கிறது. அவளிடம் இல்லாதது வழக்குகளின் பெயர்கள்தான். அதை டெல்லி வாத்தியார் என் செலவில் கொடுத்துவிட்டார்.

நாட்டு நடப்புக்காக இங்கிலீஷ் பேப்பர் வாங்கினோம். என் கைக்கு வரும்போது பேப்பரில் பாதி ஜன்னலாக இருக்கும். முன்பக்கத்தில் அவள் வெட்டியெடுத்தது ஏதோ ஒரு நாட்டுடன் போட்ட உடன்படிக்கை. பின்பக்கத்தில் அதனுடன் சேர்ந்து போனது சேப்பாக்கம் டெஸ்டின் ஸ்கோர்.

தேர்வு 2024 டிசம்பர் 1, ஞாயிறு, மதியம் 2 மணிக்கு. முந்தைய ஆண்டும் டிசம்பரில்தான், 3-ஆம் தேதி நடந்தது. அன்றைக்கு மிக்ஜாம் புயல் சென்னையை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை ஃபெஞ்சல் புயல் முந்தின ராத்திரிதான் புதுச்சேரி அருகே கரையேறியிருந்தது. டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குத் தமிழ்நாட்டில் வேறு அர்த்தம் உண்டு என்பதைத் தேதி குறிப்பவர்களுக்கு யாராவது சொல்லலாம். மைய வாசலில் குடையும் பிளாஸ்குமாக நின்ற பெற்றோரைப் பார்த்தால் பரீட்சைக்கு வந்தவர்களாகவே தெரியவில்லை, நிவாரண முகாமுக்கு வந்த கூட்டமாகத்தான் இருந்தது. வெளியே வந்த மகளிடம் "எப்படிம்மா?" என்றேன். "ரெண்டு கேள்வி டவுட்டா இருக்குப்பா. கேள்வியே தப்புன்னு தோணுது" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதானே என்று சமோசா வாங்கிக் கொடுத்தேன்.

கலந்தாய்வுக்கு எந்தப் பல்கலைக்கழகம் முதலில், எது அடுத்து என்று வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு வரிசை போட்டோம். மகள் தரத்தைப் பார்த்தாள்: பெங்களூர், ஹைதராபாத், கொல்கத்தா. நான் கட்டணத்தைப் பார்த்தேன். என் மனைவி, திருச்சியில் ஏறினால் இறங்காமல் போகிற ரயிலைப் பார்த்தாள். அப்பாயி சன்னிதிகளைப் பார்த்தாள். கட்டாக்குக்கு முதலிடம், பக்கத்தில் பூரி ஜெகந்நாதர். பாட்னாவில் இருந்தால் கயாவுக்குப் போய் தாத்தாவின் கடனைத் தீர்த்துவிடலாம். கௌஹாத்திக்குக் காமாக்யா. நாட்டின் தலைசிறந்த பெங்களூருக்கு அவள் கொடுத்தது கடைசி இடம். "அங்க என்ன இருக்கு, டிராஃபிக்குதான்" என்றாள்.

முடிவு டிசம்பர் 7-ஆம் தேதியே வந்துவிட்டது. வந்த முடிவு நிற்கவில்லை. மாணவர் ஒருவர் வழக்குப் போட, டிசம்பர் 20-ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் இரண்டு கேள்விகளின் விடை தப்பு என்று சொன்னது. அதன் மேல் அப்பீல். வேறு மாநிலங்களிலும் வழக்குகள். எல்லாவற்றையும் பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரே கட்டாகக் கட்டி டெல்லிக்கே அனுப்பியது. ஏப்ரலில் அங்கே ஒரு தீர்ப்பு. அதை எதிர்த்து மறுபடி உச்ச நீதிமன்றம். ஒருவேளை அந்த 120 நிமிடங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கவே வேண்டாம், கேள்வித்தாளை நேராக நீதிபதிகளுக்கே அனுப்பியிருக்கலாம்.

பொறியியலுக்குப் போகும் தோழிகள் புதுப் பையெல்லாம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். என் மகள் போனைப் பார்ப்பதும் மூலையில் உட்கார்ந்து அழுவதுமாக இருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மச்சான் வாரம் ஒருமுறை கூப்பிட்டு, "பிளாட்டுல வில்லங்கமாமே?" என்று விசாரித்தார். வீட்டில் நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவள் அப்பாயி ஒருத்திதான்.

"மொத வாய்தாவுக்கே இப்படி அழுதா நாளைக்குக் கட்சிக்காரனுக்கு என்னடி சொல்லுவே? கண்ணத் தொடை. இப்பத்தான் நீ படிப்பே ஆரம்பிச்சிருக்கே."

மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்த்துவைத்தது. அமர்வுக்குத் தலைமை வகித்தவர் பி.ஆர். கவாய், அடுத்த வாரமே இந்தியாவின் தலைமை நீதிபதியானவர். லட்சக்கணக்கான பிள்ளைகளின் கனவு சம்பந்தப்பட்ட கேள்விகளை இத்தனை அலட்சியமாகத் தயாரிப்பதா என்று நீதிமன்றமே வருத்தப்பட்டது. சமோசாவோடு நான் தள்ளுபடி செய்த மனுவை டெல்லி இத்தனை மாதம் விசாரித்திருக்கிறது என்று மகள் எனக்குச் சுட்டிக்காட்டினாள்.

திருத்திய பட்டியல் வந்தது, கலந்தாய்வு நடந்தது, விசாகப்பட்டினம் கிடைத்தது. மகளுக்கு நடுத்தரச் சந்தோஷம், என் மனைவிக்கு ரயில் கவலை. அப்பாயிக்குப் பரம திருப்தி. சிம்மாசலம் அங்கேதான் இருக்கிறதாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மகள் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். அப்பாவாகிய நான் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் அவள் கணக்கில் இவ்வளவு தொகை போடச் சம்மதிப்பதாக எழுதியிருந்தது. இது வெறும் குடும்ப வாக்கு அல்ல, சட்டப்படி கட்டுப்படுத்தும் எண்ணத்தோடு செய்வது என்று தனியாக ஒரு வரி.

"பெத்த பொண்ணுக்கு எதுக்கும்மா எழுத்துல?"

"பால்ஃபர் மாதிரி கப்பல்ல ஏறிட்டீங்கன்னா?"

"கப்பல் ஏறப்போறது நீதான். அதுவுமில்லாம மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாதுன்னு நீதானே சொன்னே? மொஹரி பீபி கேஸு, 1903."

"எனக்கு மார்ச்லயே பதினெட்டு முடிஞ்சிருச்சுப்பா."

அப்பாயி ஏற்கெனவே சாட்சிக் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதியிருந்தாள். தொகையில் ஒரு சைபர் எனக்கு உறுத்தியது. நிதானமாகப் படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

"வாய்தாவெல்லாம் கெடையாது" என்றாள் அம்மா. "போடுடா கையெழுத்த."